வுன்லிட் 1999: தென் சூடானில் திருச்சபைகள் நடத்திய சமாதானப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

தென் சூடானில் திருச்சபைகளின் ஊழியம் என்றாலே பள்ளிக்கூடம், மருத்துவமனை, நிவாரண மூட்டை என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாட்டுச் சபைகள் செய்த மிகக் கடினமான வேலை வேறு. 1999 பிப்ரவரி 27 முதல் மார்ச் 8 வரை பத்து நாட்கள், பஹ்ர் எல் கஸால் பகுதியில் வுன்லிட் என்ற இடத்தில், எட்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த டின்கா, நூவேர் என்ற மாடு மேய்க்கும் இரு இன மக்களைச் சபைகள் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தன. அங்கே கையெழுத்தான உடன்படிக்கை, நைலின் மேற்குக் கரையில் சில ஆண்டுகளுக்காவது துப்பாக்கியை இறக்கவைத்தது. வெளிநாட்டுச் சபைகளின் பணம் இதில் இருந்தது, விமானம் இருந்தது, ஆலோசகர்கள் இருந்தார்கள். பேசியவர்கள் மட்டும் ஊர்க்காரர்கள். அந்த ஏற்பாடு எப்படி அமைந்தது, எங்கே பிடித்தது, எங்கே விட்டுப்போனது என்பதே இங்கே விஷயம்.

மிஷன்கள் போட்ட எல்லைக்கோடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நிர்வாகம் தெற்கு சூடானை மிஷன்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தது. மேற்கே பஹ்ர் எல் கஸால் கத்தோலிக்கக் கொம்போனி துறவிகளுக்கு. நைலின் கிழக்கே பொர் நகரைச் சுற்றிய பகுதி சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்துக்கு, திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த அதே சங்கம்தான். சோபாத் நதிக்கரை அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன்களுக்கு. அவர்கள் 1902இல் தொலெய்ப் ஹில்லில் தொடங்கி, பிறகு நசீரில் நூவேர் மக்களிடம் போனார்கள்.

இதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. நூவேர் என்றால் பெரும்பாலும் பிரெஸ்பிட்டேரியன், பொர் டின்கா என்றால் ஆங்கிலிக்கன், மேற்கு டின்கா என்றால் கத்தோலிக்கர் என்று சபையும் இனமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன. இனங்கள் மோதும்போது சபைகளும் மோதக்கூடிய அமைப்பு அது. தனியொரு சபை சமாதானம் பேசப் போனால், போகும் முன்பே "எதிராளியின் சபை" என்ற பெயர் வந்துவிடும். இந்தப் பணிக்கு எல்லாச் சபைகளும் சேர்ந்த ஒரு மன்றம் தேவைப்பட்டதன் காரணம் இதுதான். ஒற்றுமை என்ற கொள்கை அழகு அதற்கு அடுத்தபடிதான்.

இன்னொரு திருப்பம் 1964. கார்ட்டூமிலிருந்த சூடான் அரசு தெற்கிலிருந்த வெளிநாட்டு மிஷனரிகள் அனைவரையும் வெளியேற்றியது. அன்று அது பேரிடியாகத் தெரிந்தது. ஆனால் அதன் பிறகு சபை முழுக்க உள்ளூர்ப் போதகர்கள், உபதேசியார்கள், பெண்கள் சங்கங்கள் கைக்கு வந்தது. காட்டுக்குள் ஓடிய ஜனங்களோடு ஓடிய சபை அது. அந்த மக்களிடையே நடந்தே போய்வரும் அமைப்பு என்று வேறு எதுவும் மிஞ்சவில்லை. 1972இல் அடிஸ் அபாபா ஒப்பந்தம் முதல் உள்நாட்டுப் போரை முடித்தபோது, உலகச் சபைகள் மாமன்றமும் ஆப்பிரிக்கச் சபைகளின் அகில மாநாடும் நடுவில் நின்றன. சபை பேசினால் கேட்பார்கள் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு முன்னுதாரணம் இருந்தது.

1983இல் போர் மறுபடி மூண்டது. சூடான் சபைகள் மன்றம் கார்ட்டூமில், அரசின் பிடியில் இருந்தது. கிளர்ச்சியாளர் வசமிருந்த பகுதிகளுக்கு அதனால் போக முடியவில்லை. 1990 வாக்கில் புதிய சூடான் சபைகள் மன்றம் உருவானது. டோரிட் கத்தோலிக்க ஆயர் பரிடே தபானும் பொர் ஆங்கிலிக்கன் பிஷப் நத்தானியேல் கரங்கும் அதன் தொடக்கத்தில் நின்றவர்கள்.

1991: உடைந்தது எது?

1991 ஆகஸ்டு 28 அன்று நூவேர் இனத்தவரான ரியெக் மச்சார், லாம் அகோல் உள்ளிட்ட தளபதிகள் நசீரிலிருந்து, தெற்கின் கிளர்ச்சி இயக்கத் தலைவரான டின்கா இனத்தவர் ஜான் கரங்கின் தலைமையை நிராகரித்தார்கள். தலைவர்களின் சண்டை சில வாரங்களில் இனச் சண்டையானது. நவம்பரில், ரியெக் தரப்பு பொர் டின்காக்கள் மீது நடத்திய பொர் படுகொலை. சுமார் 2,000 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பீடு, அதன் பின் வந்த பசியில் இறந்தவர்கள் தனி. பதிலடி, அதற்குப் பதிலடி என்று மேற்குக் கரைக்கும் பரவியது.

ஆநிரை கவர்தல் அந்த மக்களுக்குப் புதிதல்ல. தாத்தா காலத்திலிருந்து மாடு பிடித்தார்கள், ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவனைக் கொன்றவன் தீட்டுப்பட்டவன். இறந்தவன் வீட்டாரோடு ஒரே பாத்திரத்தில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. நூவேர்களிடையே மண்ணின் பூசாரி வந்து தீட்டுக் கழிக்க வேண்டும், இரத்தத்துக்கு ஈடாக மாடு கொடுத்தாக வேண்டும். பெண்ணையும் குழந்தையையும் கிழவரையும் கொல்வது தெய்வக் குற்றம்.

போர்க் காலத்தில் தளபதிகள் இந்த வேலியைப் பிடுங்கினார்கள். "இது அரசாங்கப் போர், வீட்டுப் போர் அல்ல, இதில் விழும் உயிருக்குத் தீட்டும் இல்லை, ஈடும் இல்லை" என்று வீரர்களுக்குச் சொல்லப்பட்டது. ஈட்டியில் குத்தினால் குத்தியவன் யாரென்று தெரியும். தானியங்கித் துப்பாக்கியில் யார் குண்டு யாரைக் கொன்றது என்று யாருக்கும் தெரியாது. கணக்குத் தெரியாத கொலைக்கு யார் ஈடு கட்டுவது? வுன்லிட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். அங்கே நடந்த வேலை, பிடுங்கப்பட்ட வேலியை மறுபடி நடுவது.

இரு இனத்தாரின் நடுவே 'தொய்ச்' என்ற சதுப்பு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கி, கோடையில் வடிந்து, மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் பச்சைப் புல்லும் மீனும் கொடுக்கும் நிலம். அது ஆளரவமற்ற சூனியமானது. இரு பக்கத்து மாடுகளும் கோடையில் மெலிந்து செத்தன. 1998இல் பஹ்ர் எல் கஸாலைப் பெரும் பஞ்சம் தாக்கியது. ஊர்த் தலைவர்களைப் பேச்சுக்கு இழுத்துவந்ததில் வேத வசனத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, இந்தப் புல்லுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

பத்து நாளுக்கு இரண்டு வருட ஆயத்தம்

முதல் படி, துப்பாக்கி வைத்திருப்பவனிடம் அனுமதி. 1997 ஜூலையில் யேய் அருகே கஜிக்கோவில் கிளர்ச்சி இயக்கத்தின் தலைமையும் சபைகள் மன்றமும் சந்தித்தன. இயக்கத்தின் மீது சபைகளுக்குக் குறை நிறைய: உணவைப் பறிப்பது, சிறுவர்களைப் படையில் சேர்ப்பது. சபைகள் மீது இயக்கத்துக்கும் குறை. கடுமையான பேச்சு. ஆனால் மக்களிடையே சமாதானம் பேசுவது சபைகளின் வேலை என்பதை இயக்கம் அங்கே ஒப்புக்கொண்டது. இந்த ஒப்புதல் இல்லாமல் போயிருந்தால், அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் போதகர்களை ஒற்றர்கள் என்று பிடித்திருப்பார்கள்.

இரண்டாவது படி, எல்லைப்புறத்து ஊர்த் தலைவர்களை மட்டும் வெளியே எடுத்துச் சந்திக்கவைப்பது. 1998 ஜூனில், கென்யாவின் வடமேற்கு மூலையில் நிவாரண விமானங்களின் தளமான லோக்கிச்சோக்கியோவில் அந்தக் கூட்டம் நடந்தது. இரு பக்கத்திலிருந்தும் தலைவர்களும் சபைத் தலைவர்களும் வந்தார்கள். அங்கே அவர்கள் எந்தத் தீர்வையும் எழுதவில்லை. இனி நம் மண்ணில் உட்கார்ந்து பேசுவோம் என்று மட்டும் முடிவெடுத்தார்கள். இது சரியான முடிவு. நாட்டுக்கு வெளியே ஓட்டலில் கையெழுத்தான எத்தனையோ ஒப்பந்தங்கள் விமானத்தை விட்டு இறங்கும் முன் செத்திருக்கின்றன.

மூன்றாவது படிதான் இந்த முழுக் கதையிலும் நெஞ்சைத் தொடுவது. மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, 1999 பிப்ரவரியில், நூவேர் தலைவர்கள் சிலர் டின்கா பகுதியான தியெட்டில் போய் இறங்கினார்கள். எட்டு ஆண்டுகளாக யாரும் வைக்காத அடி அது. கொன்றுபோட்டாலும் கேட்பாரில்லை. டின்கா மக்கள் அவர்களை வரவேற்றார்கள். மாடு அறுத்து, சடங்கு செய்து, மக்கள் நடுவே நிறுத்தினார்கள். அடுத்து டின்கா தலைவர்கள் நூவேர் பகுதியான லீருக்குப் போனார்கள். உயிரைப் பணயம் வைத்த இந்தப் பயணம் இரண்டு காரியங்களைச் சாதித்தது. முதலில், "அவர்கள் வரமாட்டார்கள், வந்தால் வலைதான்" என்ற பேச்சு அடங்கியது. அடுத்து, எதிரி ஊரிலும் பஞ்சம் என்பதைத் தலைவர்கள் தம் கண்ணால் பார்த்தார்கள். எரிந்த குடிசைகளும் மெலிந்த பிள்ளைகளும் அங்கேயும் இருந்தன.

நான்காவது, இடமும் காலமும். வுன்லிட் டின்கா மண், நூவேர் எல்லைக்குக் கிட்டத்தில். சண்டையால் வெறிச்சோடிய பகுதி. விருந்தினர் நூவேர் என்பதால் அவர்கள் உயிருக்கு டின்கா தலைவர்களும் அங்கிருந்த படையும் ஜவாப்தாரி. கிளர்ச்சி இயக்கத் தளபதி சல்வா கீர் நேரில் வந்து நின்றதற்கு இதனால்தான் எடை. மாதம் பிப்ரவரி இறுதி: தரை காய்ந்து விமானம் இறங்கும், நடந்து வருவோர் சேற்றில் மாட்டமாட்டார்கள். தொய்ச் நிலத்துக்கு மாடுகளை ஓட்டும் பருவமும் அதுவே. உடன்பட்டால் பலன் அந்த வாரமே தெரியும். மே மாதம் மழை இறங்கிவிட்டால் எல்லாம் அடுத்த வருடத்துக்குத்தான்.

தண்ணீர், தானியம், குடிசை

ஊர் மக்கள் சுமார் 150 குடிசைகளைக் கட்டினார்கள். எல்லோரும் உட்காரும் பெரிய மண்டபம் ஒன்று, ஓடுபாதை ஒன்று, குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறு. பேராளர்கள் 300க்கு மேல். வந்து கூடிய மொத்த ஜனம் ஆயிரத்தைத் தாண்டியது.

இந்த எண்ணிக்கையை லேசாக வாசித்துவிட்டுப் போகக் கூடாது. இப்படியொரு கூட்டத்துக்கு இன்று திட்டமிடுவோர் காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது நிவாரண முகாம்களின் குறைந்தபட்ச அளவு. ஆயிரம் பேருக்கு 15,000 லிட்டர். நல்ல நிலையிலுள்ள கைப்பம்பு நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர், மணிக்கு ஆயிரம் லிட்டர் தரும். ஒரே பம்பு என்றால் 15 மணி நேரம் ஓயாமல் அடிக்க வேண்டும். இரண்டு இருந்தால்தான் வரிசையில் சண்டை வராது. மூன்றாவது, இரண்டில் ஒன்றின் வாஷர் தேய்ந்துபோகும் நாளுக்கு. சோளம் ஆளுக்கு அரைக் கிலோ வைத்தால் ஒரு நாளைக்கு 500 கிலோ, பத்து நாளைக்கு 5 டன். பஞ்சம் தின்று முடித்த பூமியில் அந்த 5 டன்னை ஊரிடம் கேட்க முடியாது. வெளியிலிருந்துதான் இறக்க வேண்டும், ஓடுபாதை இல்லாமல் இறக்க முடியாது.

வெளிநாட்டுச் சபைக் கூட்டாளிகளின் பங்கு இங்கேதான் வருகிறது. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை, நார்வே சபை உதவி அமைப்பு போன்றவை ஆட்களையும் பணத்தையும் தந்தன. அமெரிக்க அரசின் உதவி நிதியும் சேர்ந்தது. நெறியாளராக உடனிருந்த அமெரிக்கப் போதகர் வில்லியம் லோரி, 1994இல் அகோபோவில் நூவேர் பிரிவுகளுக்குள் நடந்த சமாதான மாநாட்டில் பிரெஸ்பிட்டேரியன் சபையோடு வேலை செய்து அந்தப் பக்குவத்தைக் கற்றவர். மன்றத்தின் செயலாளர் ஹாரூன் ரூன் தென் சூடானியர். விமானமும் டீசலும் கிணறும் தானியமும் கூட்டாளிகள் பொறுப்பு. யார் பேசுவது, எந்த வரிசையில், எப்போது முடிப்பது என்பது ஊர்த் தலைவர்கள் பொறுப்பு. இந்தக் கோடு அழியாமல் இருந்தவரை வேலை நடந்தது.

வெள்ளைக் காளை

முதல் நாள் மபியோரைக் கொண்டுவந்தார்கள். மபியோர் என்றால் வெள்ளைக் காளை. கட்டுத்தறியில் கட்டி, டின்காக்களின் புனித ஈட்டிப் பூசாரிகள் ஈட்டியை நீட்டி அதன்மேல் வார்த்தை சொன்னார்கள். இந்தச் சமாதானத்தை மீறுகிறவன் இந்தக் காளை போவது போலப் போகட்டும். டின்காவானாலும் நூவேரானாலும் சாபம் ஒன்றே. காளையை வீழ்த்தினார்கள். அந்த இரத்தத்தின் முன் எல்லோரும் நின்றார்கள்.

பல பத்தாண்டுகளாக இந்தப் பலியைத்தான் அங்குள்ள சபைகள் "பழைய வழி" என்று விலக்கச் சொல்லி வந்திருந்தன. ஞானஸ்நானம் பெற்றவன் பலி மாட்டின் கறி தின்னலாமா என்பது அங்கே உயிருள்ள கேள்வி. அப்படியிருக்க, சபைகள் மன்றமே கூட்டிய மாநாட்டில் பலி. வெளிநாட்டுச் சபைகளிலும் இது சிலருக்கு உறுத்தியிருக்கும். ஆனால் போதகர்களின் முடிவு சரி என்றே சொல்ல வேண்டும். காரணம் இறையியலில் மட்டும் இல்லை. "இது அரசாங்கப் போர், தீட்டு இல்லை" என்று அவிழ்த்துவிடப்பட்ட இளைஞனை மறுபடி கட்ட, அவன் பயப்படும் வார்த்தை வேண்டும். எல்லைக் கிடையில் மாடு காக்கும் பையன் பிரசங்கம் கேட்டவனாக இருக்க வேண்டியதில்லை. மபியோர் மேல் சொன்ன சாபம் அவன் காதுக்குப் போய்ச்சேரும். உடன்படிக்கை என்ற சொல்லே வேதத்தில் பலியோடும் இரத்தத்தோடும் வருவதுதானே. ஆபிரகாமின் காலத்தில் பிளக்கப்பட்ட மிருகங்களை அந்த மேய்ப்பர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பலியும் நடந்தது, ஜெபமும் ஆராதனையும் நடந்தன. ஒன்றை மற்றதன் வேடமாக யாரும் காட்டவில்லை.

அடுத்த நாட்கள் சொல்லுதல். ஒரு தரப்பு எழுந்து தனக்கு நடந்ததையெல்லாம் சொல்லும். மறு தரப்பு வாய் திறக்காமல் கேட்கும். பிறகு மாறி நிற்கும். எந்த ஊர் எரிந்தது, எந்தக் கிடையில் எத்தனை மாடு போனது, யாருடைய மகளை யார் தூக்கிப் போனது என்று பெயர் பெயராக. டின்கா மொழியில் சொன்னது நூவேருக்குப் பெயர்க்கப்படும், நூவேர் சொன்னது டின்காவுக்கு. மொழிபெயர்ப்பால் நேரம் இரட்டிப்பாகும். அவசரக்காரர் இதைச் சுருக்கப் பார்ப்பார்கள். சுருக்கக் கூடாது. சொல்லப்படாத ஒரு சாவு ஊருக்குத் திரும்பிப் போனால், அதுவே அடுத்த பழிவாங்கலுக்கு விதை. மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் தலைவன் தன் பையன்கள் செய்ததை முதல்முறையாக எதிரியின் வாயால் கேட்கிறான். அதற்கு அவன் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.

அதன்பின் பொருள்வாரிக் குழுக்கள்: காணாமல் போனவர்களும் கடத்தப்பட்ட பெண்களின் திருமணங்களும், நிலத்தை மீட்பது, எல்லைக் காவல், நீதிமன்றமும் போலீசும், சமாதானத்தைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோவது. கடைசியில் உடன்படிக்கை. 1999 ஜனவரி 1க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு. பகைமை நிறுத்தம். நடமாட்டச் சுதந்திரம். மேய்ச்சல் நிலமும் மீன் பிடிக்கும் இடமும் உடனடியாக இரு தரப்புக்கும் பொது. இடம்பெயர்ந்தோர் வீடு திரும்பலாம். 300க்கு மேற்பட்டோர் கையெழுத்தும் கைநாட்டும் இட்டார்கள்.

அந்தப் பொதுமன்னிப்பு எளிதான ஷரத்து அல்ல. வழக்கப்படி ஓர் உயிருக்கு மாடு கணக்காக ஈடு. எட்டு வருடச் சாவுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் இரு பக்கத்து மாடுகளையும் சேர்த்தாலும் போதாது. அதனால் ஒரு தேதியை வைத்துக் கோடு கிழித்து, அதற்கு முன்னால் ஈடு இல்லை, அதற்குப் பின்னால் விழும் ஒவ்வோர் உயிருக்கும் ஈடு உண்டு என்றார்கள். தீட்டும் ஈடும் மறுபடி சட்டமாயின.

கடத்தப்பட்ட பெண்கள்

மற்ற எந்தக் குழுவையும்விட முடிச்சு அதிகம் இருந்தது இதில்தான். ஒரு பெண்ணை ஆறு வருடத்துக்கு முன் தூக்கிப் போயிருக்கிறார்கள். இப்போது அவளுக்கு அங்கே இரண்டு குழந்தைகள். அவள் திரும்பி வர வேண்டுமா? வந்தால் குழந்தை யாருடையது? அந்த மக்களின் வழக்கில் பரிசமாக மாடு கொடுத்தவன்தான் பிள்ளைக்குத் தகப்பன். பெற்றவன் என்பது மட்டும் போதாது. கடத்திப் போனவன் பரிசம் கொடுக்கவில்லை. ஆகவே பிள்ளைகள் பெண் வீட்டாருக்கு, அல்லது அவளுக்கு முன்பே பரிசம் கொடுத்திருந்த முதல் கணவனுக்கு உரியவர்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள விரும்பினால் கடத்தியவன் குடும்பம் மாடு ஓட்டி வர வேண்டும்.

ஆக மூன்று வழி: பெண்ணும் பிள்ளையும் திரும்புவது, பெண் தங்கிவிட்டு, அவள் தகப்பன் வீட்டுக்குப் பரிச மாடு வருவது, பெண் திரும்பி, பிள்ளைக்கு மட்டும் மாடு கொடுப்பது. நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் வுன்லிட்டுக்குப் பிறகு வீடு திரும்பினார்கள். அது பெரிய காரியம். ஆனால் இந்த ஏற்பாட்டில் தீர்வு தகப்பனுக்கும் கணவனுக்கும் இடையே மாட்டில் முடிந்துபோகிறது. அவளிடம் "உனக்கு எது வேண்டும்" என்று தனியாக, ஆண்கள் இல்லாத இடத்தில், கேட்கும் ஏற்பாடு இல்லையென்றால் பரிசமே அவளை இரண்டாம் முறை கட்டிவிடும். சபைப் பெண்கள் சங்கங்கள்தான் இதற்கு ஏற்ற ஆட்கள். அந்த வேலைக்குத் தனியாகப் பணமும் பயணச் செலவும் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பலித்தது, பலிக்காதது

சோதனை உடனே வந்தது. அதே 1999இல் நூவேர் பகுதியான மேற்கு அப்பர் நைலின் எண்ணெய் வயல்களைச் சுற்றி நூவேர் தளபதிகளுக்குள்ளேயே சண்டை. ஆகஸ்டில் குழாய் வழியே எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. ஊர்கள் எரிந்தன. ஆயிரக்கணக்கான நூவேர் மக்கள் தொய்ச் நிலத்தைக் கடந்து டின்கா ஊர்களுக்குள் ஓடிவந்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்பு இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். டின்கா மக்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். உடன்படிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அதே சமயம், உடன்படிக்கையால் தொட முடியாததையும் இது காட்டியது. ஊர்த் தலைவர்களால் ஊர் இளைஞர்களைக் கட்ட முடியும். எண்ணெய்க்காகக் கார்ட்டூம் பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்க்கும் தளபதியை அவர்கள் கட்ட முடியாது.

கிழக்குக் கரையில் 2000 மே மாதம் லிலிர் மாநாடு. டின்கா, நூவேரோடு முர்லே, அனுவாக், ஜியே, கசிப்போ இனத்தாரும் வந்தார்கள். இனங்கள் ஆறு ஆகும்போது முடிச்சு ஆறு மடங்கல்ல, அதைவிட அதிகம். இரண்டு இனத்துக்கு ஓர் எல்லை, ஆறு இனத்துக்குப் பதினைந்து உறவு. வுன்லிட்டுக்கு முன் நடந்த இரண்டு வருட ஆயத்தம், தலைவர்கள் எதிரி ஊருக்குப் போய்வந்தது போன்றவை அதே அளவில் மறுபடி செய்யப்படவில்லை. மாநாட்டின் வடிவம் பெயர்த்து எடுக்கப்பட்டது, அதைத் தாங்கிய வேர் எடுக்கப்படவில்லை.

2001 ஜூனில் கென்யாவின் கிசுமுவில் கூட்டம். பேச்சு ஊர்ப் பகையிலிருந்து மேலே ஏறி, கரங் தரப்பும் ரியெக் தரப்பும் ஏன் இணையவில்லை என்ற கேள்வியைத் தொட்டது. கிளர்ச்சி இயக்கம் எதிர்த்தது. தன் பகுதியிலிருந்து வருவோரைத் தடுத்தது. கஜிக்கோவில் கொடுத்த ஒப்புதலின் எல்லை அதுதான் என்று அப்போது தெரிந்தது: கீழே சமாதானம் பேசுங்கள், மேலே கை வைக்காதீர்கள்.

இதைவிட அன்றாடமான தோல்வி பணத்தில் இருந்தது. எல்லைச் சாவடிகளுக்குப் போலீசும் வானொலிக் கருவியும் வேண்டும் என்று வுன்லிட்டில் கேட்டிருந்தார்கள். ஐந்து மாடு திருடு போனால் அன்றே மறு கரைத் தலைவனுக்குச் செய்தி போக வேண்டும். அவன் அன்றே தன் பையன்களைப் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் பதில் கொள்ளை கிளம்பிவிடும். இதற்கு வேண்டியது உயர் அதிர்வெண் வானொலிகள், அவற்றுக்குச் சூரியத் தகடும் பேட்டரியும், பேட்டரி செத்தால் மாற்ற ஒருவர், சாவடிக் காவலருக்குச் சம்பளம். மாநாட்டுக்குப் பணம் தருவோர் நிறையப் பேர். மாநாட்டுக்குப் புகைப்படமும் அறிக்கையும் உண்டு. மூன்றாம் வருடத்துப் பேட்டரிக்குப் பணம் தர ஆளில்லை. வுன்லிட்டில் அமைத்த சமாதான மன்றத்தின் தலைவர்கள் நடந்தே போய் வழக்குத் தீர்த்தார்கள். முடிந்தவரை.

2005 ஜனவரி 9 அன்று வடக்கு, தெற்குப் போரை முடித்த பெரிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வடக்கு மன்றமும் தெற்கு மன்றமும் ஒன்றாயின, அலுவலகம் தெற்கின் தலைநகரான ஜூபாவுக்குப் போனது. திறமையான போதகர்கள் பலரும் தலைநகருக்குப் போனார்கள். எல்லையில் வழக்குத் தீர்த்துவந்த வலை பிரிந்தது. 2011இல் லூ நூவேர், முர்லே இனங்களுக்கு நடுவே ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் டெங் புல் தலைமையில் சபைகள் பேச்சு நடத்தின; டிசம்பரில் அது முறிந்தது, அடுத்த வாரங்களிலேயே ஆயுதமேந்திய லூ நூவேர் இளைஞர் படை முர்லே ஊரான பிபோர் மீது பாய்ந்தது. 2013 டிசம்பர் 15 அன்று ஜூபாவில் மூண்ட சண்டை மறுபடி டின்கா, நூவேர் என்ற கோட்டிலேயே நாட்டைக் கிழித்தது. பொர் நகரில் ஆங்கிலிக்கன் பேராலய வளாகத்தில் தஞ்சம் புகுந்த பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

2019 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் தென் சூடான் தலைவர்களின் பாதங்களைக் குனிந்து முத்தமிட்டதையும், 2023 பிப்ரவரியில் கேன்டர்பரி பேராயரோடும் ஸ்காட்லாந்து சபைத் தலைவரோடும் ஜூபாவுக்குப் போனதையும் உலகம் பார்த்தது. அந்தத் தாழ்மைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் எல்லைக் கிடையில் மாடு காணாமல் போகும் இரவில் யார் யாரைக் கூப்பிடுவது என்பது அங்கே தீர்வதில்லை. ஓய்வுபெற்ற ஆயர் பரிடே தபான் 2005இல் குரோன் ஆற்றங்கரையில் தொடங்கிய சமாதான கிராமம் அந்த இரவுக்கான வேலை. மாடு மேய்க்கும் பகைக் குலங்கள் சந்திக்கும் இடத்தில் பள்ளியும் மருந்தகமும் வயலும் வைத்து, வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்தார்.

கூட்டாளிச் சபைக்கு

இன்று இப்படியொரு பகுதியில் ஒரு சபையோடு கைகோக்கும் வெளிச் சபைக்குச் சில வேலைகள் தெளிவு. பத்து ரூபாய் ஒதுக்கினால் மாநாட்டுக்கு மூன்று, அதற்கு முன்னால் நடக்கும் போக்குவரத்துக்கு இரண்டு, மீதி ஐந்து அடுத்த மூன்று வருடக் காவலுக்கும் பெண்களைத் திருப்பிக் கொண்டுவரும் பயணத்துக்கும். இது நம் கணிப்பு, ஆனால் வுன்லிட்டின் அனுபவம் இதையே சொல்கிறது. பேராளர்களுக்குத் தினப்படி கொடுக்கக் கூடாது. சாப்பாடும் பாயும் போதும். தினப்படி வந்த இடத்தில் ஊர்த் தலைவர்களுக்குப் பதிலாகக் கூட்டத்துக்குப் போகவே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். ஒரே சபை வழியாகப் பணம் அனுப்பக் கூடாது. அங்கே சபைக்கும் இனத்துக்கும் உள்ள ஒட்டு இன்னும் விடவில்லை. உங்கள் கூட்டாளி பிரெஸ்பிட்டேரியன் என்றால், எல்லையின் மறுபக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக்கும் அதே கணக்கில் போகட்டும், இரு தரப்பும் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

நாள்காட்டியை அவர்களுடைய மழையை வைத்துப் போட வேண்டும். நவம்பரில் வெள்ளம் வடியத் தொடங்கும், ஓடுபாதையைச் சீர்செய்யவும் கிணறு தோண்டவும் டிசம்பர், ஜனவரி, தலைவர்கள் போய்வர பிப்ரவரி, கூட்டம் மார்ச்சுக்குள். அனுப்பும் சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி, குழு கூடி, ஒப்புதலாகி, பணம் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தால் மே மாத மழை முந்திக்கொள்ளும். ஆகவே அந்த ஒதுக்கீட்டை முந்தைய ஆகஸ்டிலேயே நிறைவேற்றி, அக்டோபரில் பணத்தை அனுப்பிவிட வேண்டும்.